பத்து இருபதுக்குக் கொட்டியது

கதவுக் கண்ணாடியில் நான் எழுதியது 10.20. இப்போது அங்கே 9.50 என்று இருந்தது.

அதே நீல மார்க்கர்தான். ஆனால் என் பூஜ்யம் முட்டை மாதிரி நீண்டிருக்கும். இது காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி கச்சிதமான வட்டம். அதைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி பளிச்சென்றிருந்தது. யாரோ துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே பார்த்தேன். அறைக்கு நடுவில் என் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். என்னுடைய வெள்ளைக் கோட்டு, கையுறை, முகத்தில் மெல்லிய நீல மாஸ்க். காலடியில் நனைந்த காகித விரிப்பு. என்னைப் பார்த்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். எல்லாம் முடிஞ்சுது, கவலைப்படாதே என்று அர்த்தம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.

அந்த அறையில் கொட்டியதே நான்தான். கொட்டி இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை.

காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் எங்களுடையது. நோயாளிகளின் சளி வரும். அதில் இருக்கும் கிருமியைக் குழாயில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்போம். அன்று காலை நான் தூக்கிக்கொண்டு நடந்த குழாய்கள் வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத ரகம். குழாய்களைச் செருகும் ரேக்குக்கு ஒரு கால் உடைந்து மூன்று மாதமாகிறது. புதிது கேட்டு நான் மூன்று கடிதம் எழுதினேன். பிளாஸ்திரி ஒன்று வந்தது. அதை ஒட்டிக்கொண்டுதான் ஓட்டிக்கொண்டிருந்தோம். பத்து இருபதுக்குப் பிளாஸ்திரி விட்டது. ரேக் சாய்ந்தது. மூன்று குழாய்கள் தரைக்குப் போயின.

அறைக்குள் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பது ஆறு வருடமாக எனக்கு மனப்பாடம். மூச்சை அடக்கு. பக்கத்தில் இருப்பவரை இழுத்துக்கொண்டு வெளியே வா. கதவைச் சாத்து. மணியைக் கண்ணாடியில் எழுது. அப்புறம் ஒரு மணி நேரம் கதவைத் தொடாதே. தரையில் கிடக்கும் கிருமி எங்கேயும் ஓடிவிடாது. காற்றில் கிளம்பியதுதான் எமன். கண்ணுக்குத் தெரியாத துளியாக மிதந்துகொண்டிருக்கும். கூரையில் ஓடும் இயந்திரம் அந்தக் காற்றை உறிஞ்சி வடிகட்டி முடிக்கத்தான் அந்த ஒரு மணி நேரம். அதன் பிறகு கனமான மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போய், கொட்டியதன் மேல் காகிதம் போர்த்தி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி பிளீச்சிங் கரைசலை மெதுவாக ஊற்றிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அரைமணி ஊறிய பிறகு மறுபடி போய்க் கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் பொறுக்க வேண்டும்.

இதில் எங்கள் கூடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யார் கொட்டினார்களோ அவர்கள்தான் துடைக்க வேண்டும். தண்டனைக்காக இல்லை. எத்தனை விழுந்தது, எது எந்தப் பக்கம் உருண்டது என்பது விழவிட்ட கைக்குத்தான் தெரியும்.

எல்லாம் முறைப்படிதான் செய்தேன். என்னோடு வேலை செய்யும் டெக்னீஷியனை இழுத்துக்கொண்டு வந்தேன். எப்போதும் எதையாவது முனகிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு முணுமுணு என்று பெயர். அன்றைக்கு அவள்கூட வாயைத் திறக்கவில்லை. மணி எழுதினேன். உடை மாற்றினேன். பத்து இருபத்து நாலுக்குப் பெரிய டாக்டருக்கு போன் செய்து சொன்னேன். எங்கள் கூடத்தின் தலைவி அவர்தான். சான்றிதழைப் புதுப்பிக்க ஆய்வுக்குழு வரும் நாள் அது. அவர்களை வரவேற்கப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார்.

"சரி, பதினொண்ணு இருபதுக்கு மேல நீயே பார்த்துக்கோ. குழுவை நான் அங்க காபி கொடுத்து உட்கார வைக்கிறேன்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். நிர்வாக மேலாளர்தான் பறந்துகொண்டு வந்தார். சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையாத மனிதர். எங்களுக்குள் அவர் பெயர் இஸ்திரி.

"இன்னைக்குன்னு பார்த்தா போடணும்?" என்றார்.

"ரேக் கால் உடைஞ்சிருக்குன்னு மூணு தடவை எழுதியிருக்கேன் சார்."

"எழுதுறதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. கீழ போய், எந்தெந்த ஆஸ்பத்திரி சாம்பிள் போச்சோ அவங்களுக்கெல்லாம் போன் போட்டு மறுபடி அனுப்பச் சொல்லுங்க. முதல்ல அதை முடிங்க."

செய்ய வேண்டிய வேலைதான். முணுமுணுவையும் அழைத்துக்கொண்டு கீழே போனேன். ஓர் ஆஸ்பத்திரியில் போனை எடுக்கவே இல்லை. இன்னொன்றில் நான் யார் என்று நான்கு பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மேலே வந்தபோதுதான் அந்த வட்டமான பூஜ்யம்.

கண்ணாடியைத் தட்டினேன்.

"அண்ணி, வெளிய வாங்க."

அவள் இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினாள். இன்னும் பத்து நிமிஷமாம்.

"இப்பவே வாங்க."

என் குரல் எப்படி இருந்ததோ, பின்னால் வந்த முணுமுணு என் தோளைப் பிடித்தாள். அண்ணி வந்தாள். உள் அறைக்கும் வெளிக் கதவுக்கும் நடுவில் உடை மாற்ற ஒரு தடுப்பு இருக்கிறது. அங்கே நிறுத்தி, முதலில் கையுறை, அப்புறம் கோட்டு, கடைசியில் மாஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னேன். மாஸ்க்கைக் கழற்றியதும் மூக்கின் இரண்டு பக்கமும் பார்த்தேன். கனமான மாஸ்க் போட்டவர்களுக்கு அங்கே சிவந்த தடம் விழும். அவள் முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. அது தளர்ந்து நின்ற மாஸ்க். ஓரமெல்லாம் காற்று.

"என்ன பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற? ரெண்டு குழாயையும் எடுத்து டப்பாவுல போட்டாச்சு. கையால தொடல, இடுக்கிதான். ஓரத்துல இருந்துதான் ஊத்தினேன். நீ செய்றதை எத்தனை தடவை வெளிய நின்னு பார்த்திருக்கேன்" என்றாள்.

"ரெண்டா?"

"ரெண்டுதான் கிடந்துது."

"மூணு, அண்ணி."

அவள் கை தானாகத் தொண்டைக்குப் போனது. மூன்றாவது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். இடது பக்கமாக உருண்டு, நாங்கள் வேலை செய்யும் கேபினெட்டுக்கு அடியில் போய்த்தான் உடைந்தது. சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அண்ணி நின்ற இடத்துக்குப் பின்னால் இரண்டடி. காகிதம் இல்லை, கரைசல் இல்லை, அப்படியே திறந்து கிடந்திருக்கிறது.

அண்ணி எங்கள் கூடத்தில் துப்புரவுப் பணியாளர். என்னைவிட ஒரு வயது இளையவள், முறைக்குத்தான் அண்ணி. இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்தவள் நான். தாழ்வாரம், படிக்கட்டு, கழிவறை, அலுவலக அறைகள் அவளுடைய பொறுப்பு. இந்த அறைக்குள் கால் வைக்கவே அவளுக்கு அனுமதி கிடையாது. சேர்த்த அன்றைக்கு என் அண்ணனிடம் அப்படித்தான் சத்தியம் செய்திருந்தேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

"யார் உள்ள போகச் சொன்னது?"

"வேற யாரு, சார்தான். நான் பின்பக்கப் படிக்கட்டு துடைச்சிட்டு இருந்தேன். கூப்பிட்டாரு. உன் நாத்தனார் போட்டு உடைச்சிட்டா, வர்றவங்க கண்ணுல பட்டா அவ சீட்டு கிழிஞ்சிடும், அவளோ கீழ போன்ல மாட்டியிருக்கா, கொஞ்சம் துடைச்சு விட்டுடும்மான்னாரு. ஒரு மணி நேரம் ஆகணுமே சார்னு கேட்டேன். கேட்காம இல்ல. ஆயிடுச்சு, நீயே பாருன்னு கண்ணாடியைக் காட்டினாரு. ஒன்பது ஐம்பது. அப்ப மணி பத்து ஐம்பது. கணக்கு சரியாத்தானே இருந்துது?"

"மாஸ்க்?"

"அலமாரி பூட்டியிருந்துது. சாவி உன்கிட்ட இருக்காம். இதுவே போதும்னாரு."

சாவி என் பாக்கெட்டில்தான் இருந்தது. கீழே போகும்போது யாரிடமும் கொடுக்கத் தோன்றவில்லை. தொடையில் குத்திக்கொண்டிருந்த அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். வீசி எறிய வேண்டும்போல் இருந்தது.

"ஊத்தினதும் வெளிய வந்திருக்கலாம்ல அண்ணி? உள்ளயே ஏன் நின்னீங்க?"

"ஈரத் தரையைப் போட்டுட்டு யாராவது போவாங்களா?" அவளுக்கு என் கேள்வியே புரியவில்லை. "முன்னாடி ஆஸ்பத்திரில இருந்தப்ப, துடைச்சிட்டுத் திரும்பினேன், ஒரு நோயாளி வழுக்கி விழுந்து இடுப்பு போச்சு. அதுல இருந்து எங்க துடைச்சாலும் காயுற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். நீ கூடக் கிண்டல் பண்ணியிருக்க, தரைக்குக் காவல்காரின்னு."

இருபது நிமிடம். சாகாத கிருமி மிதந்த காற்றில், மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு, யாரும் வழுக்கி விழக் கூடாதே என்று காவல் நின்றிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தால் கத்த வராது. காது அடைத்துக்கொள்ளும். முணுமுணு ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. அண்ணியைக் கைகால் முகம் கழுவி உடை மாற்ற அனுப்பிவிட்டு, நேராக இஸ்திரியின் அறைக்குப் போனேன்.

அவர் எனக்காகக் காத்திருந்த மாதிரி பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். அறைக்குள் எது கொட்டினாலும் அதில் எழுத வேண்டும். அச்சிட்ட பக்க எண், கிழிக்க முடியாது. எல்லாம் அவரே எழுதி முடித்திருந்தார். கொட்டிய நேரம் 9.50. சுத்தம் தொடங்கியது 10.50. சுத்தம் செய்தவர், டெக்னீஷியன். பாதிப்புக்கு உள்ளானவர்கள், எவரும் இல்லை. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"போட்டுடுங்க. பதினொண்ணரைக்கு மேல வர்றாங்க" என்றார்.

"கண்ணாடியில மணியை மாத்தினது நீங்கதானே சார்?"

"எந்த மணி?"

"நான் பத்து இருபதுன்னு எழுதினேன்."

"உங்களுக்கு அந்தப் பதற்றத்துல என்ன எழுதினீங்கன்னே ஞாபகம் இருக்காது."

"எங்க அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கணும். எக்ஸ்ரே எடுக்கணும். எட்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். இதுல 'எவரும் இல்லை'ன்னு எழுதிட்டா எதுவும் எடுக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் அவங்களுக்கு இருமல் வந்தா, வெளிய எங்கயோ ஒட்டிக்கிச்சுன்னு கைகழுவிடுவீங்க."

இஸ்திரி பேனாவை என் பக்கம் நகர்த்தினார். குரலில் ஒரு சலனம் இல்லை.

"அவங்க குடியிருக்கிற பக்கம் யாருக்கும்மா இருமல் இல்ல?"

அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. அவர்கள் குடியிருப்பது என் வீட்டில். ஒரே சமையலறை.

"குடும்ப விஷயத்தை இங்க கொண்டு வராதீங்க. கொட்டினது யாரு? நீங்க. சாவியைத் தூக்கிட்டுப் போனது யாரு? நீங்க. தோண்ட ஆரம்பிச்சா முதல்ல உங்க தலைதான் உருளும். அப்புறம் அவங்க தலை. அனுமதி இல்லாத அறைக்குள்ள போனதுக்கு. நான் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் பார்க்குறேன்."

பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் எழுந்து வந்து தடுக்கவில்லை. நான் எங்கே போய்விடுவேன் என்ற தைரியம்.

கழிவறையில் அண்ணி முழங்கை வரைக்கும் சோப்பு நுரையோடு நின்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கை நின்றது. குழாயை மூடினாள்.

"போட்டுடு" என்றாள்.

"என்னது?"

"கையெழுத்து. உன் வேலையும் போய் என் வேலையும் போனா உங்க அண்ணன் ஒத்தை ஆளா எதைன்னு பார்ப்பாரு? எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் நல்லாத்தான் இருக்கேன், பாரு."

"இது இன்னைக்குத் தெரியாது அண்ணி. ஆறு மாசம் கழிச்சுத் தெரியலாம், ரெண்டு வருஷம் கழிச்சும் தெரியலாம். சாதாரண மாத்திரைக்கு அடங்காத கிருமி அது. வந்தா, எப்ப வந்துது எங்க வந்துதுன்னு காட்ட இந்த ஒரு பக்கம்தான் இருக்கு. இதுல உங்க பேர் இல்லன்னா நீங்க அந்த அறைக்குள்ள போகவே இல்லன்னு ஆயிடும்."

"நான்தான் கேட்காம போனேன்னு சொல்லுவாங்க."

"கேட்டுட்டுத்தானே போனீங்க?"

"கேட்டேன். யாரு நம்புவாங்க? அவரு பேச்சா, என் பேச்சா?" அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒருவேளை நீயே தப்பா எழுதியிருப்பியோ?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. அதைவிட, அவளை அப்படிக் கேட்க வைத்தவர்மேல் வந்தது.

"ஆமா. நான் தப்பா எழுதினேன். கனவுல வந்து எழுதினேன்."

"சரி சரி, பாயாதே நாத்தனாரே." அவள் தரையில் சிந்தியிருந்த சோப்பு நுரையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு மெதுவாக, "அந்த மஞ்சப் பை..." என்றாள்.

"எந்தப் பை?"

"கண்ணாடித் துண்டைப் போட்ட பிறகு பார்த்தா, கிருமி பட்ட குப்பையைப் போடுற மஞ்சப் பை இல்ல. கதவுகிட்ட வந்து சாரைக் கூப்பிட்டேன். கொண்டு வந்தாரு. கதவை ஒரு விரக்கடைதான் திறந்தாரு. கையை மட்டும் நீட்டிப் பையைக் கொடுத்தாரு. கன்னம் ரெண்டும் உப்பியிருந்துது. கைக்குட்டையை மூக்குல வச்சு அழுத்திட்டு இருந்தாரு. நான் பையை வாங்கி, இன்னொண்ணு வேணும் சார்னு சொல்றேன், வாயைத் திறக்கவே இல்ல. தலையை மட்டும் ஆட்டிட்டுக் கதவைச் சாத்தினாரு. பிளீச்சிங் நெடிக்குத்தான்னு நினைச்சேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எனக்கு ஒரு மணி நேரம் ஆயிடுச்சாம்" என்றாள் அண்ணி. "அவருக்கு ஆகலையாம்."

முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. என் அண்ணனோடு சண்டை போடும்போதுகூட அதில் ஓரமாக ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். இப்போது அது இல்லை.

"வா. எங்க இருக்காங்க அந்தக் குழு?"

அவர்கள் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய டாக்டர், அவரோடு ஆய்வுக்குழுவிலிருந்து இரண்டு பேர், ஓரடி பின்னால் இஸ்திரி. குழுவுக்குத் தலைவர் நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஓர் அம்மாள். இஸ்திரி எங்களைப் பார்த்ததும் வேகமாக முன்னால் வந்தார்.

"இவங்கதான் எங்க சீனியர் டெக்னீஷியன். காலையில ஒரு சின்னக் கொட்டல். முறைப்படி சுத்தம் பண்ணி முடிச்சாச்சு. பதிவேடும் அவங்க கையிலயே இருக்கு."

அந்த அம்மாள் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜன்னல் திட்டில் பதிவேட்டை வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"இது பொய்ங்க மேடம்" என்றேன்.

பெரிய டாக்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அடக்கும் குரலில். "எதா இருந்தாலும் அப்புறம் என் ரூம்ல பேசலாம்."

"அப்புறம்னா இந்தப் பொய் அப்படியே காய்ஞ்சு நின்னுடும் மேடம்."

வெள்ளை மை பூசக் கூடாது. எழுத்தின் மேல் எழுதக் கூடாது. தப்பை ஒரே கோட்டால் அடித்து, ஓரத்தில் கையெழுத்தும் மணியும் போட வேண்டும். அதுதான் விதி. இஸ்திரியின் அழகான கையெழுத்தின் மேல் கோடு போட்டேன். பேனா தாளில் ஆழமாக இறங்கியது. அடுத்த பக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"கொட்டிய நேரம் பத்து இருபது. கொட்டியது நான். உடைந்த ரேக்கில் எடுத்துச் சென்றேன். குழாய்கள் மூன்று. பத்து ஐம்பதுக்குத் துப்புரவுப் பணியாளர் உள்ளே அனுப்பப்பட்டார். மெல்லிய மாஸ்க். கனமான மாஸ்க் இருந்த அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. உள்ளே இருந்தது இருபது நிமிடம். மூன்றாவது குழாய் இன்னும் கேபினெட் அடியில் கிடக்கிறது."

"குடும்பத் தகராறு மேடம்" என்றார் இஸ்திரி. சிரிக்கக்கூட முயன்றார். "இவங்களுக்குச் சொந்தம். அவசரப்பட்டு உள்ள போயிட்டாங்க. இப்ப என்மேல திருப்புறாங்க. கண்ணாடியில ஒன்பது ஐம்பதுன்னு தெளிவா இருக்கு. வந்து பாருங்க."

"அதை நீங்க எழுதினீங்க" என்றேன்.

"எழுதினதைப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை. பெரிய டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நேரம் முடிஞ்சிடுச்சுன்னு என்னை அனுப்பினீங்க. சரி. அப்ப மஞ்சப் பை கொடுக்க வந்தீங்களே, ஏன் மூச்சை அடக்கிட்டு நின்னீங்க?"

"என்ன உளர்ற?"

"கன்னம் உப்பியிருந்துதே சார். கைக்குட்டையை வச்சு மூக்கைப் பொத்தியிருந்தீங்களே. நான் பேசினேன், பதில் பேசல. ஊமை மாதிரி தலையை ஆட்டினீங்க. எதுக்கு? உள்ள காத்து சுத்தமாயிடுச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"பிளீச்சிங் நெடி..."

"நெடின்னா ஆளு தும்முவான், இருமுவான். மூச்சையே நிறுத்த மாட்டான். நான் உள்ள நின்னு மூச்சு விட்டுட்டு இருக்கேன். நீங்க வெளிய நின்னு அடக்குறீங்க. என் மூச்சு என்ன, இலவசமா வந்துதா?" அவள் குரல் உடையவில்லை. தாழ்வாரத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. "அந்தக் கைக்குட்டையை எடுங்க. கண்ணாடியில மணியை அழிச்சதும் அதாலதான் இருக்கும், நீல மை ஒட்டியிருக்கும். எடுத்து இவங்ககிட்ட காட்டுங்க."

இஸ்திரியின் கை பேண்ட் பாக்கெட்டுக்குப் போனது. எடுப்பதற்காக இல்லை. மேலே வைத்து மூடினார்.

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தோம்.

நரைத்த தலை அம்மாள் பெரிய டாக்டரிடம் திரும்பினார். "கொட்டினது உங்களுக்கு எப்ப தெரியும்?"

பெரிய டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தச் சில நொடிகளை நான் மன்னிக்கப் போவதில்லை. பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"பத்து இருபத்து நாலுக்கு எனக்கு போன் வந்தது" என்றார். "அப்பத்தான் கொட்டினதா சொன்னா."

இஸ்திரி சுவரோரமாக நகர்ந்து நின்றார். அந்த அம்மாள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, நான் எழுதியதை ஒருமுறை படித்தார். பாதிப்புக்கு உள்ளானவர் என்ற வரிக்கு நேரே விரலை வைத்து அண்ணியைப் பார்த்தார்.

"இங்க நீங்க கையெழுத்துப் போடணும். படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

அண்ணி அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியாக உதடசைத்துப் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"அனுப்பப்பட்டார்னு இருக்கு. யார் அனுப்பினதுன்னு இல்லையே."

நான் பேனாவை வாங்கி எழுதினேன். நிர்வாக மேலாளரால். அப்புறம்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

கதை அதோடு நல்லபடியாக முடிந்துவிடவில்லை. வளர்ப்பு அறையை மறு உத்தரவு வரும் வரைக்கும் மூடச் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது. பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லார் முன்னாடியும் என்னை நிக்க வச்சிட்ட" என்றார். இரண்டு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிக் கடிதம் வருமாம், சாவிக்காகவும் ரேக்குக்காகவும். உடைந்த ரேக் என்று தெரிந்தே எடுத்தேனாம். "வரட்டும் மேடம்" என்றேன். இஸ்திரி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கும் கடிதம் வரும் என்றார்கள். பார்ப்போம்.

அறை மூடும் முன் தரையை யாராவது முடிக்க வேண்டும். கொட்டியது நான். கனமான மாஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்து, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று இரண்டு தடவை ஊதிப் பார்த்து, முணுமுணுவையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போனேன். மூன்றாவது குழாய் நான் சொன்ன இடத்தில்தான் கிடந்தது. கழுத்து தனியாக, உடல் தனியாக. அதிலிருந்த திரவம் ஒரு சின்ன இலை அளவுக்குப் படர்ந்து, பாதி உலர்ந்திருந்தது. மண்டியிட்டு, காகிதத்தை அதன்மேல் மெல்லப் போர்த்தினேன். கரைசலை விளிம்பிலிருந்து ஊற்றினேன். அண்ணி போட்டிருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஓர் இடத்தில்கூட வழியவில்லை. மடிப்பு மடிப்பாக, தொட்டில் துணி விரித்த மாதிரி அவ்வளவு சுத்தமாகப் போர்த்தியிருந்தாள்.

"எவ்வளவு ஒழுங்கா பண்ணியிருக்காங்க" என்று முணுமுணு முனகினாள். "நாசமாப் போறவன்."

இரண்டாவது சொன்னது இஸ்திரிக்கு. நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மாஸ்க் நகரும்.

வெளியே வந்து அரைமணி காத்திருந்து, மறுபடி உள்ளே போய், ஒவ்வொரு சில்லாக இடுக்கியால் பொறுக்கி டப்பாவில் போட்டு, தரையை இன்னொரு தடவை கரைசலால் துடைத்து, பைகளைக் கட்டிக் கிருமி நீக்கும் கொதிகலனுக்குள் ஏற்றி முடித்தபோது மணி ஒன்றரை. அண்ணி தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்ரேவுக்கு அப்போதே போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். போகவில்லை.

"ஏன் போகல?"

"நீ முடிச்சிட்டு வா, சேர்ந்து போவோம்னு இருந்தேன். உள்ள நீ என்ன பண்றேன்னு யாரு பார்க்கிறது?"

நெஞ்சக மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. நடந்தே போனோம். வெயில் தகித்தது. அவள் எனக்கு இரண்டடி தள்ளி நடந்தாள். ஏன் என்று கேட்டேன். தனக்கு ஏதாவது இருந்தால் என்மேல் படுமாம். இன்றைக்கு மூச்சில் போனது இன்றைக்கே இன்னொருவருக்குத் தாவாது, அப்படியே உள்ளே போயிருந்தாலும் முளைக்க மாதக்கணக்கு ஆகும், முளைக்காமலே போகவும் வாய்ப்பு உண்டு என்று மூன்று தடவை சொன்னேன். அப்புறம்தான் பக்கத்தில் வந்தாள். வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை இன்னும் பிளீச்சிங் வாசம் அடித்தது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். அவள் போன் அடித்தது. என் அண்ணன். சாயங்கால ஷிப்டில் பஸ் ஓட்டுகிறவன். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவன்தான். யாரோ அதற்குள் அவனுக்குச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். அவன் கத்துவது எனக்கே கேட்டது.

"உனக்கு அறிவிருக்கா? அந்த ரூமுக்குள்ள ஏன் போன? உன்னை யார் போகச் சொன்னது? அவ எங்க, என் தங்கச்சி? போனை அவகிட்ட குடு."

நான் கையை நீட்டினேன். அண்ணி கொடுக்கவில்லை. போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அவன் மூச்சு வாங்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"கத்தி முடிச்சாச்சா?" என்றாள். "நான் ஏன் போனேன், யாரு அனுப்பினா, எத்தனை மணிக்குன்னு எல்லாம் பதிவேட்டுல எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கேன். என்னைக் கேள்வி கேட்கணும்னா வந்து அதைப் படிச்சிட்டு அப்புறம் கேளு."

வரிசை ஓர் ஆள் முன்னால் நகர்ந்தது.

"பாப்பா சாப்பிட்டாச்சா?" என்றாள் அண்ணி.